அசுரன் அயலூர்க்காரன் இல்லை

அணுபுரம்,
ஞாயிறு மாலை.

அடியே ராட்சசி,

நீ அனுப்பிய நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். திட்டத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்குக் கோபம் வந்து பாதியில் நிறுத்திவிடுவாய். எதிர் பிளாக் மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பெங்களூரில் வீடியோ கேமுக்கு அரக்கர்களை வரைகிற வேலை பார்க்கிறாராம். "என்ன வேலைன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்றது?" என்று மாமி என்னிடம் வந்து அழுதாள். ஓவியர் என்று சொல்லுங்கள் மாமி, பல்லவர் காலத்திலிருந்து இந்தக் கடற்கரையில் நடக்கிற தொழில்தான் என்றேன். முகம் மலர்ந்து போனாள். எங்கள் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் கல்பாக்கம் அணு உலை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் சண்டை.

இப்போது உன் மாவலிக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக் கடலில் வெள்ளிக் கப்பல் ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. கதவு திறக்கிறது. அறுபது அடி உயரத்தில் நீல ரத்தத்தோடு மகாபலிச் சக்கரவர்த்தி இறங்கி வருகிறார். அவர் வேற்றுக் கிரகவாசி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அலை ஒதுங்குகிற இடமெல்லாம் கண்முன்னே தெரிகிறது. ஆனால் அவரைத் திரும்பவும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடு. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

இந்த வேற்றுக் கிரக யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1968இல் எரிக் ஃபான் டேனிகன் என்கிற சுவிஸ் ஓட்டல்காரர் ஒரு புத்தகம் எழுதினார். பழைய தெய்வங்கள் எல்லாம் விண்வெளியிலிருந்து வந்த ஆட்கள்தான் என்றார். புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அதன் மயக்கத்தில் ஜாக் கிர்பி என்ற காமிக்ஸ் ஓவியர் 1976இல் 'எடர்னல்ஸ்' வரைந்தார். வானத்தை முட்டும் ராட்சதர்கள் பூமிக்கு வந்து மனிதனை உருவாக்கிவிட்டுப் போகிறார்கள். 2021இல் அது படமாகவும் வந்தது. உன் பையன்கூடப் பார்த்திருப்பான்.

இதே கிர்பியைப் பற்றி ஒரு வம்பு சொல்கிறேன், கேள். 1967இல் ரோஜர் ஜெலாஸ்னி என்கிற அமெரிக்கர் 'லார்ட் ஆஃப் லைட்' என்று நாவல் எழுதினார். அடுத்த வருஷம் ஹியூகோ விருது வாங்கியது. வேறொரு கிரகத்தில் போய் இறங்கிய கப்பலின் மாலுமிகள் இயந்திர பலத்தால் பிரம்மா, யமன், காளி என்று நம் பெயர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஆள்கிறார்கள். 1970களின் கடைசியில் இதைப் படமாக்கக் கிளம்பினார்கள். திரைக்கதை தயார், அரங்கங்களுக்குக் கிர்பி படம் வரைந்து கொடுத்தார், படம் மட்டும் எடுக்கப்படவில்லை. அந்த நேரம் பார்த்து தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. தப்பிய ஆறு பேர் கனடாக்காரர்கள் வீடுகளில் ஒளிந்திருந்தார்கள். சி.ஐ.ஏ. என்ன செய்தது தெரியுமா? தூங்கிக்கொண்டிருந்த இந்தத் திரைக்கதையைத் தூசி தட்டி, 'ஆர்கோ' என்று பெயரை மாற்றி, படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த சினிமாக்காரர்கள் என்று சொல்லி 1980 ஜனவரியில் ஆறு பேரையும் விமானம் ஏற்றிவிட்டது. நம்ம ஊர் யமனையும் காளியையும் காட்டி ஈரான் காவலர்களை ஏமாற்றியிருக்கிறார்கள்! 2012இல் வந்து ஆஸ்கர் வாங்கிய 'ஆர்கோ' படம் இந்தக் கதைதான். படத்தில் ஜெலாஸ்னி பெயரைத் தேடாதே, கிடைக்காது.

வம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த நாவலில் ராட்சசர்களும் வருகிறார்கள். அவர்கள் யார் என்று நினைக்கிறாய்? அந்தக் கிரகத்தில் முதலிலிருந்தே இருந்தவர்கள். உடம்பை உதறிவிட்டு வெறும் ஆற்றலாக வாழ்கிறவர்கள். வந்தவர்கள் அவர்களைக் குழிக்குள் அடைத்துப் பூட்டிவிட்டார்கள். கப்பலில் வந்தவன் தேவன், மண்ணில் இருந்தவன் ராட்சசன். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஜெலாஸ்னி பிடித்த இந்த நுனியைச் செங்கல்பட்டுக் கல்லூரியில் படித்த நீ கோட்டைவிட்டாயேடி!

நம் புராணம் இதைவிட நெருக்கமாகப் போகிறது. கசியபருக்கு அதிதி, திதி என்று மனைவிமார். அதிதி பிள்ளைகள் தேவர்கள், திதி பிள்ளைகள் அசுரர்கள். ஒரே அப்பா. உலகத்தை யார் ஆள்வது என்று காலம் காலமாக நடப்பது பங்காளிச் சண்டை. மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனும் பங்காளி, கொடுத்துவிட்டுப் பாதாளம் போன மாவலியும் பங்காளி. இதில் எவனையாவது வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பினால் கதையின் உயிர் போய்விடும். அயலான் வந்து அடித்தால் அது வெறும் போர். பங்காளி அடித்தால்தான் காலத்துக்கும் பேச்சு. உன் சித்தப்பா வீட்டு வரப்புத் தகராறு இன்னும் கோர்ட்டில் இருக்கிறதே, உனக்கா தெரியாது?

கொழும்பில் இருக்கிற நம் தோழிக்கும் இந்த வேற்றுக் கிரகப் பேச்சு பிடிக்காது, ஆனால் அவள் நாட்டில் ராவணன் இப்போது விஞ்ஞானி ஆகிவிட்டான். இலங்கை தன் முதல் செயற்கைக்கோளுக்கு 'ராவணா-1' என்று பெயர் வைத்து 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விட்டது. எடை ஒரு கிலோ சொச்சம். பத்துத் தலைக்காரனுக்கு இத்தனூண்டு டப்பா! அதுவாவது ஆசைக்கு வைத்த பெயர், குற்றம் சொல்ல மாட்டேன். அதே வருஷம் ராவணனே உலகின் முதல் விமானி என்று கட்டுநாயக்காவில் மாநாடு கூட்டினார்கள். 2020 ஜூலையில் ராவணன் பற்றிய ஆவணமோ நூலோ இருந்தால் தாருங்கள் என்று அரசு விளம்பரமே வந்தது. நாம் மட்டும் ஒசத்தியா? 'வைமானிக சாஸ்திர'த்தைப் பழங்கால விமான நூல் என்று தூக்கிக்கொண்டு ஆடியவர்கள் நம் பக்கமும் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து பேர் 1974இலேயே அதைப் பிரித்து மேய்ந்து, அதில் சொன்ன விமானம் எதுவும் பறக்காது, எழுத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். கதை எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. அதைச் சரித்திரம் என்று மேடையேற்றுகிறவர்களோடு சேராதே, அவ்வளவுதான்.

சரி, மாமல்லபுரத்துக்கே என்று சொந்தமாக ஓர் அசுரர் கதை இருக்கிறது, உனக்குத் தெரியுமா? வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1770களில் இங்கே வந்து, உள்ளூர்ப் பிராமணர்களிடம் கேட்டதை எழுதிவைத்து, 1788இல் அச்சேற்றினார். அதன்படி மாவலிக்குப் பிறகு ஆயிரம் கை ராட்சதனான பாணாசுரன் ஆண்டான். அந்த வம்சத்தில் பின்னால் வந்த ஒரு ராஜாவுக்கு ஓர் அப்சரஸ் மேல் காதல். அவள் அவனை மாறுவேஷத்தில் இந்திர சபைக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டினாள். திரும்பி வந்தவன் சும்மா இருக்கவில்லை. பார்த்ததையெல்லாம் இங்கே கட்ட ஆரம்பித்துவிட்டான். ஊர் அமராவதிக்கே சவாலாக நின்றது. இந்திரனுக்கு வயிற்றெரிச்சல். கடலரசனைக் கூப்பிட்டு ஊரை விழுங்கச் சொல்லிவிட்டான். பின்னால் ராபர்ட் சவுதி என்கிற ஆங்கிலக் கவிஞர், இந்தியாவைக் கண்ணால் காணாமலே, 1810இல் 'கெஹாமாவின் சாபம்' என்ற நெடுங்கவிதையில் மாவலியின் இந்த மூழ்கிய நகரத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

இதைவிட நல்ல அறிவியல் கதைக்கரு உனக்கு எங்கேடி கிடைக்கும்? காதலியின் தயவில் எதிராளியின் தலைநகரத்துக்குள் நுழைந்து தொழில்நுட்பத்தைக் கண்ணாலேயே திருடிக்கொண்டு வந்த அசுரன். பொறுக்காமல் கடலை ஏவிய பங்காளி. கப்பலும் வேண்டாம், நீல ரத்தமும் வேண்டாம்.

கடலுக்கடியில் ஏதோ இருக்கிறது என்பதும் முழுப் புரளி இல்லை. 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் ஓர் ஆங்கிலேய ஆய்வுக் குழுவும் சேர்ந்து இங்கே மூழ்கிப் பார்த்தார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர் வரிசைகளும் வெட்டிய கற்களும் கிடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியன்று கடல் உள்வாங்கியபோது கல் வரிசைகளைக் கண்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அந்த அலை மண்ணை அரித்துக் காட்டிய கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்டியபோதுதான் சாளுவன்குப்பத்தில் செங்கல்லாலான முருகன் கோயில் வெளியே வந்தது. கட்டியவர்கள் எல்லோரும் உன்னையும் என்னையும்போல ஐந்தரை அடி ஆட்கள்தான்.

உன் அறுபது அடி விஷயத்தை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். ஆறடி மனிதனைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் உயரம், அகலம், தடிமன் மூன்றும் பத்துப் பத்து மடங்கு. ஆக எடை ஆயிரம் மடங்கு. எழுபது கிலோ ஆள் எழுபது டன் ஆகிவிடுவான். ஆனால் தாங்குகிற எலும்பின் குறுக்குவெட்டு நூறு மடங்குதான் பெருகும். ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் பத்து மடங்கு பாரம் சுமக்க வேண்டும். தொடை எலும்பு தாங்குகிற எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். முதல் அடி எடுத்து வைத்தவுடனே மடக். ராட்சத எலும்பின் இந்தச் சிக்கலை 1638இல் கலிலியோ எழுதிவிட்டாராம். 1926இல் ஹால்டேன் என்ற உயிரியலாளர் இங்கிலீஷ் கதைகளில் வரும் அறுபது அடி அரக்கர்களை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறாராம். அந்த ஹால்டேன் கடைசியில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் காலமானார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

"அப்ப ராட்சசனே கிடையாதா?" என்றேன். "தண்ணியில போடு. தண்ணி தாங்கும். நீலத் திமிங்கிலம் நூத்தம்பது டன் இருக்குது, நிம்மதியா நீந்தலையா?" என்றார். வாமனன் மாவலியைக் கீழே அழுத்தியது எலும்பியல் ரீதியில் பெரிய உதவி என்று இருவரும் முடிவுக்கு வந்தோம். ஆனால் மாமல்லபுரத்தில் சுவர் கிடக்கிற ஆழம் எட்டு மீட்டர், உன் ஆள் பதினெட்டு மீட்டர். நின்றால் தொடைவரைதான் தண்ணீர் இருக்கும். படுத்தே இருக்க வேண்டும், பாவம்.

எனக்குப் பிடித்த ராட்சதன் கும்பகர்ணன், உனக்கும்தான். வால்மீகி ராமாயணத்தின் யுத்த காண்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, இந்த வயதில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கும்பகர்ணன் இலங்கைக்குள் எழுந்து நடக்கிறான். மதிலுக்கு மேலே அவன் உருவம் தெரிகிறது. வானரங்கள் பயந்து ஓடுகின்றன. யார் இவன் என்று ராமன் கேட்க, விபீஷணன் அண்ணனின் வரலாறு முழுவதும் சொல்கிறான். சொல்லிவிட்டு ஒரு யோசனை கொடுக்கிறான்: இது உயிருள்ள ஆள் இல்லை, நிமிர்த்தி நிறுத்திய ஒரு யந்திரம் என்று வானரங்களிடம் சொல்லிவிடுங்கள், பயம் போய்விடும்.

என்ன ஆள் பார்த்தாயா இந்த விபீஷணன்! உயிருள்ள ராட்சதனை இயந்திரம் என்று சொன்னால் பயம் குறையும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டேனிகன் செய்வதும் அதுதான், உன் முதல் அத்தியாயம் செய்வதும் அதுதான். இயந்திரம் என்றால் நிறுத்திவிடலாம். வேற்றுக் கிரகவாசி என்றால் விரட்டிவிடலாம். நம் வீட்டு ஆள், நம்மைவிட மூத்தவன், தன் பக்கம் சரியில்லை என்று தெரிந்தும் எழுந்து வந்து எதிரே நிற்கிறான் என்றால் என்ன செய்வாய்? விபீஷணனுக்கு உண்மை தெரியும், அதனால்தான் வானரங்களிடம் அதை மறைக்கச் சொன்னான். நீ விபீஷணன் பக்கம் எழுது, வானரங்கள் பக்கம் எழுதாதே.

2024இல் வந்த 'கல்கி 2898 ஏடி' படத்தை நீ புகழ்ந்து தள்ளினாயே, அதில் எனக்கும் அசுவத்தாமன் மட்டும் பிடித்தது. அமிதாப் பச்சனை ஆளுயரத்தைத் தாண்டி வளர்த்துக் காட்டியது சினிமா வித்தை, அதை விடு. சாக முடியாமல் ஆயிரக்கணக்கான வருஷம் ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு காசியில் உட்கார்ந்திருக்கிறான் பார், அதுதான் சரியான புராதன ஆள். அவனும் பாண்டவர்களுக்குக் குருவின் மகன், கூடப் படித்தவன். எந்த நட்சத்திரத்திலிருந்தும் வரவில்லை. படத்தின் பறக்கும் வண்டிகளும் சண்டைகளும் எனக்குத் தலைவலி.

தமிழில் இந்தப் பக்கம் எழுதியவர்கள் குறைவு என்று சலித்துக்கொள்கிறாய். சுஜாதா நமக்கு ஜீனோ என்கிற இயந்திர நாயைக் கொடுத்தார், அசுரர் பக்கம் அதிகம் வரவில்லை. 'பிரம்ம ராக்ஷஸ்', 'கபாடபுரம்' இரண்டையும் புதுமைப்பித்தன் எழுதிவிட்டு 1948இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அறிவியல் கதை என்ற முத்திரை இல்லாமலே அவை அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றை மறுபடி படி.

இப்போது சிற்பம். மாமல்லபுரம் வராக மண்டபத்தில், வாமனன் வளர்ந்து நிற்கிற திரிவிக்கிரமனை நினைத்துப் பார். எட்டுக் கைகளோடு ஒரு காலைத் தூக்கி மேலுலகத்தை அளக்கிறான். காலடியில் சாதாரண அளவில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் மாவலி என்கிறார்கள். நடுவானில் தொங்குகிறவனைத் திரிசங்கு என்கிறார்கள். அந்தப் பாறையில் ராட்சத உருவம் யாருக்கு? குள்ளனாக வந்தவனுக்கு! அசுரன் நம் அளவுதான். அறுபது அடியை மாவலிக்குக் கொடுத்த நீ பல்லவச் சிற்பியிடம் பாடம் கேட்க வேண்டும்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இன்னும் மேல். சிங்கத்தின் மேல் தேவி வில்லோடு பாய்கிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடம்புமாக மகிஷன், கையில் கதை, தலைக்கு மேலே ராஜாவுக்குரிய குடை. வதம் இன்னும் நடக்கவில்லை. அவன் பின்வாங்குகிறான், ஆனால் காலை ஊன்றி நிற்கிறான். படைத்தவனுக்கு அவன் மேல் மரியாதை இருந்திருக்கிறது. மற்ற பல இடங்களில் அவன் காலடியில் கிடக்கும் அறுபட்ட தலை. இங்கே எதிர்க்கட்சித் தலைவர். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் உளி பிடித்தவனுக்கு இருந்த இந்தப் பெருந்தன்மை கோடிகோடியாகக் கொட்டி எடுக்கிற படங்களில் இல்லை. இதையும் வேற்றுக் கிரகவாசி வந்து செதுக்கிக் கொடுத்தான் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புராதன ஆட்கள் நிஜமாகவே வேண்டுமா? நம் பழைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இருந்திருக்கிறார்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கையில் எடுத்தார். அதே வருஷம் அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல வருஷம் அகழ்ந்து, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். நம் மனித இனத்துக்கு வயது மூன்று லட்சம் சொச்சம்தான். அப்படியானால் அந்தக் கோடரியைச் செய்த கை நம்முடையது இல்லை. கருவி மட்டும் கிடைத்தது, செய்தவனின் எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. உயரமா குள்ளமா, எப்படிச் சிரித்தான் என்பதெல்லாம் உன் கற்பனைக்கு விட்ட இடம். வேறு மனித இனங்களோடு நம் முன்னோர் கலந்திருக்கிறார்கள் என்பதையும் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோ மரபணுவில் காட்டி 2022இல் நோபல் வாங்கிவிட்டார். நியாண்டர்தால் ரத்தம் உனக்குள்ளும் எனக்குள்ளும் ஒன்றிரண்டு சதவீதம் ஓடுகிறது. நம் கதைகள் பங்காளி என்று சொன்னதற்குப் பக்கத்தில் இதை வைத்துக்கொள், நிரூபணம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

நாலாவது அத்தியாயத்தைக் கல்பாக்கத்தில் நடத்தப்போவதாக எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வேண்டுகோள்: அணு உலையிலிருந்து ஏதாவது கசிந்து கடலடி அசுரன் எழுந்தான் என்று எழுதாதே. 1954இல் ஜப்பான்காரர்கள் காட்ஸில்லாவை அப்படித்தான் எழுப்பினார்கள். அவர்களுக்கு அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஹிரோஷிமா, நாகசாகி போதாதென்று அந்த வருஷ மார்ச்சில்தான் பிகினித் தீவு ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் அவர்கள் மீன்பிடிப் படகின் மேல் விழுந்திருந்தது. இங்கே அதை நகல் எடுத்தால் மலிவாகிவிடும். கல்யாண வீடுகளில் "அங்க இருட்டுல மின்னுவீங்களாமே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்கே எங்களால் பதில் சொல்லி மாளவில்லை.

கல்பாக்கம் வேண்டும் என்றால் வேறு பக்கத்திலிருந்து வா. இங்கே பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்கிற புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டு ஆகும். அதற்குள் நம் மொழியே என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? உலைக்கழிவைக் கண்ணாடியாக உருக்கி உறைய வைத்துக் காக்கிறோம். அமெரிக்காவில், பத்தாயிரம் ஆண்டு கழித்து வருகிறவனுக்கு 'இங்கே தோண்டாதே' என்று எப்படிச் சொல்வது என்று மொழியியலாளர், மானிடவியலாளர் எல்லோரையும் 1980களிலிருந்தே உட்காரவைத்து யோசிக்கிறார்கள். வருகிறவர்கள் நம்மைப் பற்றி என்ன கதை சொல்வார்கள்? கடலோரத்தில் ராட்சதர்கள் வாழ்ந்தார்கள், சாகாத நெருப்பைக் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டுப் போனார்கள், அதைத் தொடாதே என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அந்தக் கதையில் எங்கள் வீட்டுக்காரர் அசுரர். கொம்பு வைத்து எழுதிக்கொள், அவருக்கு ஆட்சேபமில்லையாம்.

ஆக, மாவலியைக் கப்பலிலிருந்து இறக்காதே. அவன் இங்கேயே இருந்தவன், உயரம் நம் உயரம், பட்டா அவன் பெயரில் இருந்தது. குள்ளமாக வந்து மூன்றடி கேட்டவன்தான் ராட்சதனாக வளர்ந்தான். முதல் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கி எழுதி அனுப்பு. தை பிறப்பதற்குள் அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன், அதற்குமேல் என்றால் வீடு மாற்றுகிற வேலையில் எனக்கு நேரம் இருக்காது.

உன்,
அணுபுரத்துக்காரி